பாரம் வேறு, தடிமன் வேறு!

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு வந்திருந்த ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நான் வேறொரு விஷயம் பேசுவதாக இருந்தது. அதை அடுத்த வாரத்துக்கு ஒத்தி வைத்துவிட்டேன். காரணம், வாசலிலே ஒரு தோழர் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி. அவர் ரிங் பிரேமில் வேலை செய்கிறவர். மகள் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். லேப்டாப் இல்லாமல் இனிப் படிக்க முடியாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்களாம். கடைக்குப் போயிருக்கிறார்.

"தோழரே, கடைக்காரர் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். ஒன்று நோட்டுப் புத்தகம் மாதிரி மெல்லிசு. இன்னொன்று கொஞ்சம் தடிமன். மெல்லிசுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கூட. ஏன் கூட என்று கேட்டால், 'மெல்லிசு சார்' என்கிறார். சாமான் குறைந்தால் விலையும் குறையத்தானே வேண்டும்? போனஸ் முழுக்க இதிலே போகிறது. மீதிக்குத் தவணை. என்ன செய்யட்டும்?"

இது சின்னக் கேள்வி இல்லை, தோழர்களே. வசதியுள்ளவன் ஒன்று சரியில்லை என்றால் இரண்டு வருஷத்தில் வேறொன்று வாங்கிக்கொள்வான். நம் வீட்டிலே அது ஒரு தடவைதான் வரும். மகள் படித்து முடித்து, தம்பிக்குக் கைமாறி, அவனும் படித்து முடிக்கிறவரை அது ஓடியாக வேண்டும். ஆகவே கடைக்காரர் சொன்ன அந்த 'மெல்லிசு' என்ற ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், பாரம் குறைவதை நான் கேலி செய்ய வரவில்லை. 1981ல் அமெரிக்காவிலே ஆஸ்போர்ன் என்ற கம்பெனி 'கையோடு எடுத்துச் செல்லும் கம்ப்யூட்டர்' என்று ஒன்றை விற்றது. அதன் எடை சுமார் 11 கிலோ! தையல் மிஷின் பெட்டி போலிருக்கும். திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது. போகிற இடத்திலே மின்சாரம் இருந்தால்தான் உயிர் வரும். அந்த 11 கிலோ இன்று ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோவுக்கு இறங்கியிருக்கிறது என்றால் அது பல ஆயிரம் என்ஜினீயர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து சாதித்த காரியம். நாற்றுக்கட்டு சுமந்து வரப்பிலே நடக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வீட்டு வாசலில் ஒரு கிலோவாக இருக்கிற சுமை, இரண்டு மைல் தாண்டியதும் ஒரு கிலோவாக இருப்பதில்லை. பஸ்ஸிலே நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போகிற பெண்ணின் தோளுக்கு ஒரு கிலோ குறைவது பெரிய உபகாரம்.

ஆனால் பாருங்கள், நம் பேச்சிலே 'கனம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தூக்க முடியாத பாரமும் கனம்தான்; தடித்த பலகையும் கனம்தான். கடைக்காரரின் வியாபாரம் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் நடக்கிறது. பாரம் குறைந்தால் உங்கள் மகளின் தோளுக்கு லாபம். தடிமன் 18 மில்லி மீட்டரிலிருந்து 14 மில்லி மீட்டருக்கு இறங்கினால் தோளுக்கு என்ன லாபம்? பையிலே அந்த 4 மில்லி மீட்டர் இடத்தில் அவள் என்ன வைக்கப் போகிறாள்?

இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்பார்கள். அப்படியில்லை. எல்ஜி கம்பெனியின் 'கிராம்' என்ற லேப்டாப் 2019ல் 17 அங்குலத் திரையோடு வந்தது. பெரிய தாம்பாளம் போன்ற அதன் எடை 1 கிலோ 340 கிராம்தான். பேட்டரியும் பெரியது. உலோகத்தை மாற்றித்தான் இதைச் சாதித்தார்கள். ஒரே அளவுள்ள துண்டுகளை எடுத்துக்கொண்டால், அலுமினியம் 27 பங்கு எடை இருக்கிற இடத்தில் மக்னீசியம் 17 பங்குதான் இருக்கும். மக்னீசியக் கலவையிலே கூடு செய்தார்கள். உள்ளே இடத்தைத் தாராளமாக விட்டார்கள். தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் வளைகிற மாதிரி இருக்கும், ஜம்பமாக இராது. அதுவும் ஒரு விலைதான். மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும். தகடு மெல்லிசாக இருந்தால் கை வலிக்காது. கட்டாந்தரையிலே போட்டால் மடங்கும். எந்த மண்ணுக்கு எந்த மண்வெட்டி என்று பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்?

இந்த மெல்லிசு மோகம் எங்கே தலையெடுத்தது? 2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரத்திலே, ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு தபால் கவரை எடுத்தார். ஆபீசுகளிலே கடுதாசி போட்டு அனுப்புகிற பழுப்புக் கவர். அதற்குள்ளிருந்து ஒரு கம்ப்யூட்டரை உருவினார்! சபை ஆரவாரம் செய்தது. அதுதான் முதல் மாக்புக் ஏர். மிகத் தடித்த இடத்தில் 1.94 சென்டி மீட்டர், ஓரத்தில் 0.4 சென்டி மீட்டர், எடை 1 கிலோ 360 கிராம்.

கவருக்குள்ளே போவதற்காக எதையெல்லாம் வெளியே எடுத்தார்கள்? வட்டத்தகடு போடும் இடம் போயிற்று. இணையக் கம்பி செருகும் துளை போயிற்று. யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. நினைவகத்தைச் சொருகும் இடம் போய், பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். பேட்டரியை நாமாகக் கழற்ற முடியாது. உள்ளே இருந்த சேமிப்புத் தட்டு, சின்ன மியூசிக் பெட்டிகளில் போடுகிற அளவு, வேகமும் குறைவு. விலை 1,799 டாலர். அதே கம்பெனியின் தடித்த சாதாரண மாக்புக் அப்போது 1,099 டாலருக்குக் கிடைத்தது. ஆக, குறைத்ததற்கு 700 டாலர் கூலி!

நியாயமாகப் பேச வேண்டும். அந்த இரண்டுக்கும் எடை வித்தியாசம் ஏறத்தாழ 900 கிராம். ஊர் ஊராக விமானத்தில் பறக்கிறவனுக்கு அது பெரிதுதான். அவனுக்கு ஆபீசிலே வேறொரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். கெட்டால் கம்பெனி வேறு வாங்கித் தரும். அவனுக்காகச் செய்த சாமான் அது. 2010ல் அதன் சின்ன மாடல் 999 டாலருக்கு இறங்கியது. 2011ல் இன்டெல் கம்பெனி 'அல்ட்ராபுக்' என்ற பெயரைச் சூட்டி, 20 மில்லி மீட்டருக்கு உள்ளே, 1,000 டாலருக்கு உள்ளே செய்யுங்கள் என்று மற்ற கம்பெனிகளையும் தூண்டியது. அப்புறம் என்ன, பறக்கிறவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டத் தொடங்கினார்கள்.

இனிச் சூட்டைப் பற்றிச் சொல்கிறேன். இது மில் தொழிலாளிக்குச் சொல்லாமலே விளங்கும். லேப்டாப்பின் மூளை ஒரு சில்லு. மெல்லிய லேப்டாப்பில் போடுகிற சில்லுகள் வழக்கமாக 15 வாட் அளவில் இருக்கும். தடித்தவற்றில் 45 வாட் வரை போடுவார்கள். சாப்பிடுகிற மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதைச் செப்புக் குழாய் வழியாக ஓரத்துக்குக் கொண்டுவந்து, விசிறியால் ஊதித் தள்ளுகிறார்கள். பெட்டி மெல்லிசானால் விசிறியும் சின்னதாகிறது. பெரிய விசிறி நிதானமாகச் சுற்றித் தள்ளுகிற காற்றை, சின்ன விசிறி வெறிபிடித்தாற்போலச் சுற்றித்தான் தள்ள வேண்டும். அதுவும் போதாதபோது சில்லு என்ன செய்கிறது தெரியுமா? தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அட்டைப் பெட்டியில் அச்சடித்த உச்ச வேகம் பல மெல்லிய லேப்டாப்புகளில் கொஞ்ச நேரத்துக்குத்தான். நீடித்த வேலை கொடுத்தால் இறங்கிவிடும்.

ஆப்பிள் தன் லேப்டாப்புகளுக்கு எழுதியிருக்கிற உபயோக வெப்பம் 10 முதல் 35 டிகிரி. சித்திரை மாதத்திலே, தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் 2 மணிக்கு நம் வீட்டில் என்ன டிகிரி? இந்தக் கேள்வியை யாரும் கடையில் கேட்பதில்லை. கடையிலேதான் ஏசி ஓடுகிறதே!

பஞ்சுத் தூசி இன்னொரு தொல்லை. ஷிப்டு முடிந்து வருகிற நம் சட்டையிலே அது வருகிறது, வீட்டுக்குள் பறக்கிறது. விசிறிக்கு எதிரே சூடு இறங்குவதற்காக நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள் இருக்கின்றன. பெட்டி மெலிய மெலிய அந்த வழி குறுகுகிறது. அங்கே பஞ்சு படிந்தால் மூச்சு முட்டிப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை அடி மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தட்டினால் சரியாகிவிடும். திறக்க முடிகிறதா என்பதே விஷயம்.

இந்தத் தூசிக்கு ஒரு பெரிய கதையே உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2015ல் அதே ஆப்பிள் கம்பெனி 12 அங்குல மாக்புக் ஒன்றைக் கொண்டுவந்தது. எடை 920 கிராம், தடிமன் 13.1 மில்லி மீட்டர். விசிறியே கிடையாது. அவ்வளவு மெல்லிசாக்குவதற்கு எழுத்துக் கட்டைகளின் கீழேயிருந்த அமைப்பையே மாற்றினார்கள். முன்பெல்லாம் கட்டைக்குக் கீழே கத்தரிக்கோல் போலக் குறுக்காக மடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு, வண்ணத்துப்பூச்சி சிறகு போல விரியும் ஒன்றை வைத்தார்கள். பெயரும் அதுதான், பட்டர்பிளை. அழுத்தினால் கட்டை இறங்குவது அரை மில்லி மீட்டர் அளவுதான். 2016ல் இதையே தங்கள் பெரிய, விலை கூடிய மாக்புக் புரோவிலும் போட்டார்கள்.

என்ன ஆயிற்று? ஒரு துளி தூசி உள்ளே போனால் கட்டை ஒட்டிக்கொண்டது. ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டு விழுந்தது, அல்லது ஒன்றுமே விழவில்லை. ரிங் ட்ராவலரிலே பஞ்சு சிக்கினால் இழை அறுவது நமக்குத் தெரியும். அதை ஒரு நொடியில் துடைத்துவிட்டு இழையைச் சேர்த்துவிடுவோம். அங்கே அப்படிச் செய்ய வழியில்லை. எழுத்துப் பலகையை மேல்கூட்டோடு ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள். பேட்டரியையும் அதே கூட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆகவே ஒரு எழுத்து கெட்டால் மேல்கூடு, எழுத்துப் பலகை, பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிய நிலை. ஒரு பாபின் உடைந்ததற்கு பிரேமையே கழற்றி எறிந்த கதைதான்!

வாங்கினவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 ஜூனில் கம்பெனி, வாங்கிய நாளிலிருந்து 4 வருஷத்துக்கு இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறோம் என்று அறிவித்தது. அந்த வருஷமே கட்டைகளுக்குக் கீழே ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு போட்டுப் பார்த்தார்கள். அதுவும் முழுசாகத் தீரவில்லை. 2022ல் 5 கோடி டாலர் தருகிறோம் என்று, தவறை ஒப்புக்கொள்ளாமலே, வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதன் தீர்வு மிகவும் சின்னது. 2019 நவம்பரில் 16 அங்குல மாக்புக் புரோ வந்தது. பழைய கத்தரிக்கோல் அமைப்பு திரும்பி வந்தது, பேட்டரியும் 83.6 வாட்-மணியிலிருந்து 100 வாட்-மணியாகப் பெருத்தது. இதற்காக எவ்வளவு தடிமன் கூடியது தெரியுமா? 15.5 மில்லி மீட்டர் 16.2 ஆயிற்று. ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனிலே ஏறத்தாழ பாதி! அந்தப் பாதி நாணயத்தைச் சேர்த்துக்கொள்ள 4 வருஷம் பிடித்திருக்கிறது. 2021ல் எடுத்துப்போட்ட துளைகளில் சிலவற்றையும் மறுபடி வைத்தார்கள். யாரும் அதைத் தடிமன் என்று திட்டவில்லை.

பேட்டரி என்றேன். அதன் கணக்கு எளிது. 50 வாட்-மணி பேட்டரி, கம்ப்யூட்டர் 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம் வரும். நேரம் கூட வேண்டுமானால் பேட்டரியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இழுப்பைக் குறைக்க வேண்டும். பெரிதாக்கினால் பாரம் கூடும். இழுப்பைக் குறைப்பது எப்படி என்பதற்கும் ஆப்பிளையே உதாரணம் சொல்லலாம். திட்டின வாயாலேயே பாராட்டவும் வேண்டுமல்லவா? 2020 நவம்பரில் எம்1 என்ற தங்கள் சொந்தச் சில்லைப் போட்டு மாக்புக் ஏரை வெளியிட்டார்கள். சில்லு மிகக் குறைவாக மின்சாரம் இழுத்தது. ஆகவே விசிறி வேண்டியிருக்கவில்லை, சூடும் குறைவு, ஒரு நாள் வேலைக்குப் பேட்டரி தாங்கியது. 2015ல் சில்லு தயாராவதற்கு முன்னால் கூட்டை மெலித்தார்கள், அவதிப்பட்டார்கள். 2020ல் சில்லு முன்னே வந்தது, கூடு அதற்குப் பொருந்தியது. ஆனால் அதிலும் நினைவகத்தையும் சேமிப்பையும் பிற்பாடு கூட்ட முடியாது. அது மாறவில்லை.

எந்தப் பேட்டரியும் தேயும். முந்நூறு தடவை, ஆயிரம் தடவை என்று தரத்தைப் பொறுத்து, நிரப்பி நிரப்பிக் காலி செய்த பிறகு பிடிமானம் குறையும். சில சமயம் உப்பும். உப்பினால் ஆணி வைத்து நெம்பக்கூடாது, குத்தக்கூடாது, தீப்பிடிக்கும். இதை வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். முன்பு ஒரு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது பலவற்றில் உள்ளே ஒளிந்திருக்கிறது. சிலவற்றில் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2023ல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் இத்தகைய சாதனங்களின் பேட்டரியை, சில விலக்குகள் போக, வாங்கினவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்பது அதன் ஷரத்து.

என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்ததையும் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினான். கம்பெனி பெயர் எதற்கு? நினைவகம் 4 ஜிபி. வருஷம் போகப் போக பாடத்துக்கான சாப்ட்வேர் பெருத்தது, மிஷின் தடுமாறியது. இன்னொரு 4 ஜிபி போடலாம் என்று கடைக்குப் போனான். "போட இடமே இல்லை தம்பி, பற்றவைத்திருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அக்காவுக்குப் பள்ளியிலே, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், ஒரு தடித்த பெட்டி கிடைத்திருந்தது. அதற்கு அவர்கள் நினைவகமும் கூட்டினார்கள், பேட்டரியும் மாற்றினார்கள். தெருமுனைக் கடையிலேயே நடந்தது. பற்றவைப்பதற்கு என்ஜினீயர்கள் காரணம் சொல்கிறார்கள்: பாதை குறுகும், மின்சாரம் மிச்சமாகும். அது உண்மைதான். ஆனால் 2024ல் லெனோவோ தன் திங்க்பேட் பி1 லேப்டாப்பில், மின்சாரம் குறைவாக இழுக்கும் அதே ரக நினைவகத்தைத் திருகாணியால் பூட்டும் ஒரு துண்டாகப் போட்டுக் காட்டியது. அமெரிக்காவின் பிரேம்வொர்க் கம்பெனி 2021ல் 1.3 கிலோவில், 15.85 மில்லி மீட்டரில், நினைவகம், பேட்டரி, திரை, எழுத்துப் பலகை எல்லாவற்றையும் வாங்கினவரே கழற்றும்படி செய்தது. விலை மலிவு என்று சொல்ல மாட்டேன். முடியாது என்று சொன்னது முடிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைச் செய்கிற கைகளையும் நாம் மறந்துவிட முடியாது. மெல்லிய அலுமினியக் கூட்டைக் கண்ணாடி போல மெருகேற்றும்போது நுண்ணிய உலோகத் தூள் பறக்கும். 2011 மே 20 அன்று சீனாவின் செங்டு நகரில், ஐபேட் கூடுகளை மெருகேற்றும் பாக்ஸ்கான் ஆலையில் அந்தத் தூள் வெடித்தது. 4 தொழிலாளர்கள் மாண்டார்கள். புளோ ரூமில் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தப் பளபளப்பைக் கடையில் கையால் தடவிப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, வாசலில் கேட்ட தோழருக்கு நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அளவுகோலை வீட்டிலே வைத்துவிட்டுத் தராசோடு போங்கள் என்றேன். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். பெட்டி ஒன்றேகால் கிலோ, சார்ஜர் அரைக் கிலோ என்றால் சுமை ஒன்றேமுக்கால் கிலோ. ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைத்தால் நல்லது, அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பிறகு கவிழ்த்துப் பாருங்கள், சாதாரணத் திருகாணி தெரிகிறதா? நினைவகம் கூட்டலாமா என்று கேளுங்கள். கூட்ட முடியாது என்றால் இப்போதே 16 ஜிபியாக வாங்குங்கள். அந்தப் பதினைந்தாயிரத்தை மெல்லிசுக்குக் கொடுப்பதைவிட இதற்குக் கொடுக்கலாம். புதுப் பேட்டரி என்ன விலை, எழுத்துப் பலகை மட்டும் மாற்ற என்ன விலை, இந்த ஊரிலேயே மாற்றுவார்களா என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

தோழர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தத் தடித்த பெட்டியின் எடையை நான் பார்க்கவே இல்லையே தோழரே" என்றார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார லீவு. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவளே இரண்டையும் பையில் போட்டு, தோளில் மாட்டி, கடைக்குள்ளே நாலு நடை நடந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.